டோரித் தீவில் எலி கிடையாது

டோரித் தீவில் எலி கிடையாது. தீவுக்காரர்கள் இதைப் படகு நேரம் சொல்வது மாதிரி சாதாரணமாகச் சொல்கிறார்கள். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில், டொனெகால் கரையின் மாகரோர்ட்டி துறையிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். 5 கிலோமீட்டர் நீளமுள்ள மொட்டைத் தீவு. ஒதுங்க மரநிழல்கூட இல்லை. மொத்தமே சுமார் 140 பேர்.

எலி வராததற்குக் காரணம் இந்தத் தீவு மண் என்கிறார்கள். 6ஆம் நூற்றாண்டில் கொலம்கில் என்ற துறவி இங்கே வந்தபோது டுகன் என்பவர் துணை நின்றாராம். பதிலுக்குத் துறவி தந்த வரம்தான் இந்த மண். அதை டுகன் வம்சத்தில் மூத்தவர் கையால்தான் வாங்க வேண்டும். வேறு யார் அள்ளினாலும் பலிக்காது. படகுக்காரர்களும் வெளியூர் வீட்டுக்காரர்களும் வாங்கிப் போயிருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் நம் விருப்பம், யாரும் வற்புறுத்துவதில்லை.

திருப்பி வைத்துச் சபித்தால் பலிக்கும் என்று நம்பப்பட்ட கல் ஒன்றும் இங்கே உண்டு. அந்தச் சாபக்கல் கதை கொஞ்சம் கனமானது. 1884 செப்டம்பரில் 'வாஸ்ப்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்தப் பாறைகளில் மோதி 52 பேர் இறந்தார்கள். பிழைத்தது 6 பேர். வேறொரு தீவில் குடித்தனக்காரர்களை வெளியேற்றும் வேலைக்காகப் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. டோரிக்காரர்கள் கல்லைத் திருப்பிச் சபித்ததால்தான் மூழ்கியது என்பது ஊர்ப்பேச்சு. வாடகைக் கொடுமையை நினைத்தால் அந்தக் கோபம் புரிகிறது. ஆனால் செத்தவர்கள் மாலுமிகள் ஆயிற்றே.

இந்தத் தீவுக்கு ராஜாவும் இருந்தார். கிரீடம், அதிகாரம் எதுவும் கிடையாது. கடைசி ராஜா பாட்சி டான் ரோட்ஜர்ஸ் ஓவியர், அக்கார்டியன் வாசிப்பவர். துறைமுகத்தில் நின்று வந்தவர்களைக் கைகொடுத்து வரவேற்பதுதான் அவருடைய ராஜாங்கம். 2018-இல் காலமானார். ஓவியம் இங்கே வந்த கதையும் சுவாரசியம்: இங்கிலாந்து ஓவியர் டெரெக் ஹில் வரைவதைப் பார்த்த மீனவர் ஜேம்ஸ் டிக்சன், "இதைவிட நான் நன்றாக வரைவேன்" என்றாராம். கழுதை வால்மயிரில் தூரிகை செய்து வரைந்தும் காட்டினார்.

தீவுக்காரர்கள் பேசுவது தங்களுக்குள் ஐரிஷ், நம்மிடம் ஆங்கிலம். ராத்திரி கிளப்பில் பாட்டும் ஆட்டமும். 1974-இல் புயல் தீவைப் பல வாரம் துண்டித்த பிறகு, சில குடும்பங்கள் பெருநிலத்துக்கே போய்விட்டன. இப்போதும் காற்று எழுந்தால் படகு விடமாட்டார்கள். அதனால் போகிறவர்கள், திரும்பிய மறுநாளே விமானம் பிடிக்கிற மாதிரி டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.