குளிருக்கு ஒதுங்க ஒரு ரயில்

டிசம்பர் மாத ஐரோப்பாவில், தனியாகக் காசு எதுவும் கொடுக்காமல் கதகதப்பாக உட்கார ஓர் இடம் வேண்டும் என்றால் அது ஓடுகிற ரயில்தான். காபிக் கடையில் காபி வாங்காமல் உட்கார முடியாது. ஹாஸ்டலில் மதியம் மூன்று மணிக்கு முன்னால் அறைக்குள் விடமாட்டார்கள். பழைய தேவாலயங்களில் பல இலவசம்தான். ஆனால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் வெளியே அடித்த குளிரே தேவலை என்று தோன்றும். ரயில் பாஸ் வைத்திருப்பவருக்கு ஹீட்டர், மெத்தை வைத்த இருக்கை, கழிப்பறை, ஜன்னல் காட்சி எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது ரயிலில் மட்டும்தான்.

அதனால் எங்கள் பயணம் கொஞ்சம் தலைகீழாக நடந்தது. ஊர் பார்ப்பதற்காக ரயில் ஏறுவது உலக வழக்கம். நானும் அக்காவும் இரண்டு ரயில்களுக்கு நடுவில் வேறு வழியில்லாமல் ஊர் பார்த்தோம்.

பாஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யூரெயில் பாஸ் 1959-லிருந்து இருக்கிறது. அது ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு 1972-ல் வந்த இன்டர்ரெயில். இரண்டில் எதை வைத்திருந்தாலும் இப்போது 33 நாடுகளை ரயிலில் சுற்றலாம். குறிப்பிட்ட சில நாட்கள் மட்டும் பயணிக்கிற வகை ஒன்று, இடைவிடாமல் தினமும் பயணிக்கிற வகை ஒன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவது. 27 வயது வரை இளைஞர் கட்டணம், 28 ஆகிவிட்டால் முழுக் கட்டணம். நான் அந்த வயதுக் கோட்டுக்கு இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். அந்த வித்தியாசத் தொகையை அவள் ஒரு நாளும் மறக்கவில்லை. "உனக்குத்தான் கம்மி விலைல கிடைச்சிருக்கே, தூக்கு" என்று பெரிய பையை என் முதுகில் ஏற்றியதற்கு அதுதான் அதிகாரபூர்வமான காரணம்.

வழித்தடம் போட்டதும் அக்காதான். பிரான்சின் அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் ரிசர்வேஷனுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு அந்தச் செலவு இல்லை. கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டு அக்கா பாரிஸின் மேல் ஒரு கோடு இழுத்தாள். "பாரிஸ் எங்கயும் ஓடிடாது" என்றாள். இதுவரை ஓடவில்லை என்பது உண்மைதான்.

குளிர்காலத்தில் ரயில் ஏறுவதிலும் இறங்குவதிலும் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. உள்ளே சட்டையோடு உட்காரலாம். ஏறியவுடன் தொப்பி, கையுறை, மஃப்ளர், ஜாக்கெட், ஸ்வெட்டர் என்று கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேர்த்து, இறங்கும்போது அந்த வேர்வையே உறைந்து உயிரை எடுக்கும். இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்னால் எல்லாவற்றையும் திரும்ப மாட்ட வேண்டும். இதற்கு நடுவில் இன்னொரு கடமை. ஜெர்மனியின் பெரிய நிலையங்களில் கழிப்பறைக்குப் பொதுவாக 1 யூரோ. ரயிலில் இலவசம். எனவே இறங்கும் முன் கட்டாயம் போய்விட வேண்டும் என்பது அக்காவின் உத்தரவு. முதலில் கழிப்பறை, பிறகு உடுப்பு. இந்த வரிசை மாறி, எல்லா அடுக்கையும் போட்டு ஜிப்பை இழுத்த பிறகு அந்தக் குட்டி அறைக்குள் நுழைந்தால், தொங்குகிற மஃப்ளரைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ரயில் வளைவில் திரும்பும்போது கதவில் முட்டிக்கொண்டு... சரி, மேற்கொண்டு வேண்டாம்.

போன் விஷயமும் உண்டு. பாஸ் முழுக்க ஆப்பில்தான். ஏறப்போகிற ரயிலை முன்கூட்டியே அதில் சேர்த்துவிட வேண்டும். பரிசோதகர் வந்தால் கியூஆர் கோடைக் காட்ட வேண்டும். ஆனால் கடும் குளிரில் பேட்டரி படுத்துவிடும். பிளாட்பாரத்தில் நாற்பது சதவீதம் காட்டிய போன் கண்ணெதிரே அணைந்துபோனது. அன்றிலிருந்து அக்கா போனை ஸ்வெட்டருக்கு உள்ளே, வயிற்றோடு சேர்த்து ஒரு துணிப்பட்டையில் கட்டிக்கொண்டாள். டிக்கெட் கேட்கிற ஒவ்வொரு பரிசோதகருக்கு முன்னாலும் அவள் எழுந்து நின்று, அடுக்கடுக்காக விலக்கி, உள்ளிருந்து போனை உருவி எடுப்பாள். பலர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் இரண்டு பேருடைய பாஸும் அந்த ஒரே போனில்தான் இருந்தது. இது அடுத்த சம்பவத்துக்கு முக்கியம்.

பெர்லினிலிருந்து கொலோன் போகிற அதிவேக ரயில்களில் பல, உண்மையில் இரண்டு ரயில்கள். மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டு புறப்பட்டு, ஹாம் என்கிற ஊர் வரை ஒன்றாக ஓடும். அங்கே பிரிந்து ஒரு பாதி டோர்ட்முண்ட், எஸ்ஸன் வழியாக டுசல்டோர்ஃப் பக்கம் போய்விடும். மறு பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகக் கொலோன் போகும். இரண்டு பாதிக்கும் நடுவில் உள்ளே நடந்து போக வழி கிடையாது. இந்தத் தகவல் எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம்.

பெர்லினில் எங்கள் ரயில் வரப்போகிற நேரத்தில், இன்று பெட்டிகளின் வரிசை தலைகீழ் என்று அறிவித்தார்கள். பிளாட்பாரத்தின் இந்தக் கோடியில் நின்ற கூட்டம் அந்தக் கோடிக்கும், அங்கே நின்ற கூட்டம் இங்கேயும் பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடியது. கையில் கணக்கு நோட்டு மட்டும் வைத்திருந்த அக்கா சிட்டாகப் பறந்துவிட்டாள். பெரிய பையோடு எவ்வளவு தூரம் ஓடுவது? கதவு மூடுகிற ஓசை கேட்டதும் பக்கத்தில் இருந்த கதவில் ஏறிவிட்டேன். போன் அடித்தது.

"எங்கடி இருக்க?"

"ஏறிட்டேன். நீ?"

"நானும் ஏறிட்டேன். அப்படியே முன்னாடி நடந்து வா."

பெட்டி பெட்டியாக நடந்தேன். பை இரண்டு பக்கமும் முழங்கைகளில் இடித்தது. ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கதவு. அதற்கு அப்பால் ஓட்டுநர் அறை.

"அக்கா, ரயில் முடிஞ்சுபோச்சு."

"எப்படி முடியும்? நான் அதுக்கும் முன்னாடி இருக்கேனே."

சரியாக அப்போதுதான் பரிசோதகர் அம்மா வந்தார். டிக்கெட் எங்கே என்றார். முன்னால் போகிற ரயிலில் இருக்கிறது என்றேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "அதுவும் இந்த ரயில்தான்" என்றார். பிறகு மனசாட்சிக்குப் பயந்தவர் மாதிரி, "ஹாம் வரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார். கொலோன் போக வேண்டும் என்றால் முன்பாதிக்கு மாறிவிடு என்று சொல்லி, அபராதம் எழுதாமல் போனார். நல்ல மனுஷி.

ஹனோவரில் ரயில் நின்றதும் பையை மாட்டிக்கொண்டு இறங்கி முன்னால் ஓடினேன். அந்தப் பிளாட்பாரத்தில் அப்படி ஒரு கூட்டம். மூச்சு வாங்க முன்பாதியில் ஏறி, வெற்றிக் களிப்போடு அக்காவைக் கூப்பிட்டேன்.

"முன்னாடி வந்துட்டேன். எங்க இருக்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "நான் பின்னாடி வந்துட்டேன்டி" என்றாள்.

அவ்வளவு பெரிய பையோடு நான் ஓட முடியாது என்று இரக்கப்பட்டுத்தான் இறங்கி வந்தாளாம். பயணம் முழுக்க அவளுக்கு என் மேல் இரக்கம் பிறந்தது அந்த ஒரு முறைதான். பீலஃபெல்ட் வரும்வரை, "நீ அசையாதே, நானே வர்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் ஓடி வந்து ஏறியபோது தொப்பி ஒரு பக்கம், மஃப்ளர் ஒரு பக்கம். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாட்டில் எல்லாம் பத்திரமா இருக்கா?"

பாட்டில் கதை தனி. ஜெர்மனியில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வாங்கினால் 25 சென்ட் முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கடையில் இருக்கிற இயந்திரத்தில் போட்டால் பணம் திரும்பி வரும். பாட்டிலை நசுக்கிவிட்டால் இயந்திரம் அதன் பார்கோடைப் படிக்காது. ஆகவே நசுக்கக் கூடாது. ஆக, என் முதுகில் இருந்த பையில் பாதி வெறும் காற்று. சேர்த்து மொத்தமாகப் போடலாம் என்று அக்கா தள்ளித் தள்ளி, கொலோனில் இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் அடைப்பு. மறுநாள் விடிவதற்கு முன் ரயில். அந்தக் காற்று முழுவதும் எல்லை தாண்டி சுவிட்சர்லாந்து வந்துசேர்ந்தது. அங்கே அதற்குச் சல்லிக்காசு பெறாது. குப்பைத் தொட்டி முன்னால் நின்று அக்கா ஒவ்வொன்றாக, இருபத்தைந்து, ஐம்பது, எழுபத்தைந்து என்று எண்ணிக்கொண்டே போட்டதைப் பார்த்துச் சிரிப்பை அடக்க நான் பனிக்குள் முகத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று.

கொலோன் பேராலயம் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தவுடன் தலைக்கு மேல் நிற்கிறது. 157 மீட்டர் உயரம். 1248-ல் தொடங்கி 1880-ல் கட்டி முடித்திருக்கிறார்கள். மூன்று மணி செக்-இன்னுக்காகக் காத்திருப்பவர்களுக்கு இதைவிட ஆறுதலான கட்டடம் கிடையாது.

சுவிட்சர்லாந்தில் அக்காவின் சிக்கனம் நிஜமாகவே ஜெயித்தது. பெர்னினா மலைப்பாதையில் பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா ரயில் ஒன்று ஓடுகிறது. அதற்கு ரிசர்வேஷன் பணம் தனி. அதே தண்டவாளத்தில் சாதாரண ரயிலும் போகிறது. அதற்குப் பாஸ் மட்டும் போதும். பல்சக்கரம் எதுவும் இல்லாமல், 1000 மீட்டருக்கு 70 மீட்டர் ஏறுகிற சரிவு. உச்சியில் ஓஸ்பிட்சியோ பெர்னினா நிலையம், 2253 மீட்டர். பக்கத்தில் ஏரி இருக்கிறது என்று வரைபடம் சொன்னது. கண்ணுக்குத் தெரிந்தது வெள்ளை மட்டும்தான். எது ஏரி, எது கரை என்று ஏரிக்கே தெரியாது. சாதாரண ரயிலில் ஜன்னலை இறக்கலாம். கண்ணாடியில் சொந்த மூஞ்சி தெரியாமல் படம் எடுக்கலாம். இதைக் கண்டுபிடித்த புகைப்படக்காரர் ஒருவர் எங்கள் பெட்டியில் இருந்தார். அவர் கலைக்காக நாங்கள் அத்தனை பேரும் காதைக் குளிருக்குக் கொடுத்தோம். பிறகு ரயில் வளைந்து வளைந்து இறங்கி, 429 மீட்டரில் இருக்கும் இத்தாலிய ஊரான திரானோவுக்குள் நுழைகிறது. அங்கே பேருந்தைப் போலத் தெருவிலேயே, தேவாலயத்தின் முன்னால், கார்களுக்கு நடுவே போகும். அந்த இறக்கத்தில் தொப்பி, கையுறை, மஃப்ளர் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தோம். பயணத்திலேயே எனக்குப் பிடித்த சில மணி நேரம் அதுதான்.

இத்தாலியில் கோமோ ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்தோம், மிலானில் ரயில் மாறினோம். அதோடு சரி.

புடாபெஸ்டில் அக்கா முதல் முறையாகக் கணக்கு நோட்டை மூடினாள். 1913-ல் திறந்த செச்செனி குளியலகத்தில், திறந்த வெளியில் வெந்நீர்க் குளங்கள். சீட்டு விலையைப் பார்த்து வாசலில் நெடுநேரம் நின்றாள். "இதை ஹீட்டிங் செலவுல எழுதிக்கலாம்" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னாள். உடை மாற்றும் இடத்திலிருந்து குளத்துக்குப் பத்துப் பதினைந்து எட்டு வைத்தால் போதும். ஆனால் அந்த எட்டுகளை, ஈரக் காலோடு, உறைந்த கல்லின் மேல், நீச்சலுடையில் வைக்க வேண்டும். என் அக்கா ஓடிப் பார்த்ததில் அதுதான் அதிவேகம். பெர்லின் பிளாட்பாரம்கூட இரண்டாமிடம்தான். தண்ணீருக்குள் கழுத்துவரை இறங்கியதும் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஆவிக்கு நடுவே பெரியவர்கள் சிலர் மார்பளவு தண்ணீரில் நின்று சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காயை நகர்த்தவே இல்லை. அவர் யோசிக்கவில்லை, வெளியே வரப் பயந்து ஆட்டத்தை இழுக்கிறார் என்பது அக்காவின் கணிப்பு. மூடுகிற நேரத்தில் எங்களையும் ஊழியர் வந்து சொல்லித்தான் எழுப்பினார்.

அங்கிருந்து சூரிச்சுக்கு இரவு ரயில். படுக்கைக்குக் கட்டணம் கூட என்பதால் ஆறு பேர் எதிரெதிரே உட்காருகிற பழைய கம்பார்ட்மென்ட். எதிரே ஒரு பெரியவர். ஜன்னலுக்குக் கீழே நீலத்திலிருந்து சிவப்புக்குத் திருப்புகிற ஒரு திருகு. அக்கா அதைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுக் கண்ணை மூடினாள். பெரியவர் மெதுவாகக் கையை நீட்டி நீலத்துக்குத் திருப்பினார். அக்கா தூக்கத்தில் புரளுகிற பாவனையில் முழங்கையால் சிவப்புக்குத் தள்ளினாள். அவர் செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்து நீலத்துக்கு வைத்தார். ஒரு வார்த்தை பேசாமல் நள்ளிரவு தாண்டியும் இது நடந்தது. சிவப்புக்குப் போகும்போதெல்லாம் எனக்கு வேர்த்தது, நீலத்துக்குப் போனால் நடுங்கியது. அவர் பக்கத்தில் இருந்த பெண்ணும் அதே தாளத்தில் போர்வையை இழுத்தும் விலக்கியும் கொண்டிருந்தார்.

சால்ஸ்பர்க் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். அக்கா எழுந்து வயிற்றிலிருந்து போனை உருவிக் காட்டிய கையோடு, இந்தத் திருகைச் சிவப்பிலேயே வைக்கச் சொல்லுங்கள் என்று முறையிட்டாள். பெரியவரும் அவர் மொழியில் என்னவோ முறையிட்டார். பரிசோதகர் இருவரையும் பார்த்தார், திருகைப் பார்த்தார். அது வேலை செய்து வருடக்கணக்கு ஆகிறது, சூடு எல்லாம் மொத்தப் பெட்டிக்கும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று சொல்லி, விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

சற்று நேரம் யாரும் அசையவில்லை. பிறகு இருட்டில் திருகு ஒரு முறை கிரீச்சென்றது. அது அக்காவா பெரியவரா என்று நான் விசாரிக்கவில்லை.