ஆறடி உயரமும் ஆறடி உயரத்திலும்

மொழிபெயர்ப்பு வேலையில் கடினமான சொற்களால் வரும் தவறு குறைவு. அவற்றுக்கு எல்லோரும் அகராதியைப் புரட்டிவிடுகிறோம். 'இது தெரிந்த சொல்தானே' என்று கடந்துபோகும் இடத்தில்தான் சறுக்குகிறது. ஆங்கிலத்தின் 'ஹை' (high), 'டால்' (tall) இரண்டும் அப்படிப்பட்டவை. இரண்டுக்கும் 'உயரமான' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடத் தோன்றும்.

'டால்' ஒரு பொருளின் உடம்பை அளக்கிறது, அடி முதல் நுனி வரை. மனிதர், மரம், கோபுரம், குவளை என்று அகலம் குறைந்து நிமிர்ந்து நிற்பவற்றுக்கு அது வரும். 'ஹை' பெரும்பாலும் இடத்தைச் சொல்கிறது, தரையிலிருந்து எவ்வளவு மேலே என்று. மலை, மதில் போன்றவற்றுக்கு அவற்றின் அளவையும் 'ஹை' என்றே சொல்வார்கள். 'டால் ஷெல்ஃப்' என்றால் அலமாரியே நெடியது. 'ஹை ஷெல்ஃப்' என்றால் கைக்கு எட்டாத தட்டு. அந்தத் தட்டு ஒரு சாண் உயரமே இருக்கலாம்.

இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் தனிச்சொல் தேட வேண்டியதில்லை. அது வேற்றுமை உருபிலேயே இருக்கிறது. 'ஒன்றரை மீட்டர் உயரப் பலகை' வேறு, 'ஒன்றரை மீட்டர் உயரத்தில் பலகை' வேறு. கருவிகளின் கையேட்டில் இந்த 'இல்' விழுந்துபோனால், சுவரில் மாட்ட வேண்டிய இடத்தைப் பொருளின் அளவாகப் படித்துவிடுவார்கள். எண் சரியாக இருப்பதால் மெய்ப்புத் திருத்துபவர் கண்ணிலும் படாது. எனவே 'உயரம்' வரும் ஒவ்வொரு வரியிலும் எங்கிருந்து எங்கே அளக்கிறார்கள் என்று கேட்டுப் பார்ப்பதே நல்ல வழி. இன்னொரு பிழையும் உண்டு. அளவோடு சேரும்போது 'டால்' நெட்டை என்று பொருள்படாது. மூன்றடிக் குழந்தைக்கும் ஆங்கிலத்தில் 'மூன்றடி டால்'தான். அங்கே 'மூன்றடி உயரம்' என்றால் போதும்.

விமானத் துறைப் பனுவல்களில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. அங்கே 'எலிவேஷன்' என்பது கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் உயரம். 'ஆல்டிட்யூட்' கடல் மட்டத்திலிருந்து விமானத்தின் உயரம். 'ஹைட்' குறிப்பிட்ட ஓரிடத்துக்கு மேல், பெரும்பாலும் கீழே உள்ள தரைக்கு மேல், விமானம் இருக்கும் உயரம். ஓடுதளம் கடல் மட்டத்துக்கு 3,000 அடி மேலே இருக்க, விமானம் 5,000 அடி 'ஆல்டிட்யூட்'டில் வந்தால், ஓடுதளத்துக்கு மேல் அதன் 'ஹைட்' 2,000 அடிதான். மூன்றையும் வெறும் 'உயரம்' என்று எழுதினால் வாசிப்பவர் எந்த எண்ணை நம்புவார்? 'கடல் மட்டத்திலிருந்து', 'தரையிலிருந்து' என்று ஒவ்வொரு முறையும் எழுதுவது அலுப்பூட்டும்தான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பழைய பனுவல் என்றால் சிக்கல் வேறு. 'டால்' பிறந்தபோது அதற்கு உயரத்தோடு தொடர்பே இல்லை. விரைவான, சுறுசுறுப்பான என்று பொருள் தந்த பழைய ஆங்கிலச் சொல்லே அதன் மூலம் என்பார்கள். பிறகு தகுதியான, அழகான, வீரமான என்றெல்லாம் பொருள் வளர்ந்து, 16ஆம் நூற்றாண்டில்தான் நெட்டை என்பது நிலைத்தது. ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில், கதை நடக்கும் இல்லிரியா நாட்டில் யாருக்கும் குறையாத 'டால்' மனிதன் என்று ஒருவனைப் புகழ்கிறார்கள். அங்கே வீரன் என்பதே உரைகாரர்கள் தரும் பொருள். அதை 'நெட்டையன்' என்று பெயர்த்தால் புகழ்ச்சி போய்விடும்.

'ஹை' அப்படித் திசைமாறவில்லை. ஜெர்மன் மொழியின் 'ஹோக்' அதன் உறவு. அதன் இறுதியில் வரும், ஆங்கிலத்தில் இன்று வாய்க்கு வராத தொண்டை ஒலி ஒரு காலத்தில் ஆங்கிலத்திலும் ஒலித்தது. அதன் தடம்தான் 'gh' என்று எழுத்தில் மட்டும் தங்கியிருக்கிறது. பொருள் மட்டும் உயரத்திலிருந்து மேன்மைக்கும் முதன்மைக்கும் மிகுதிக்கும் கிளைத்தது. மிகுதி வரும் இடங்களில் தமிழ் தன் வழக்கைக் கைவிடக் கூடாது: கடுங்காய்ச்சல், பலத்த காற்று, அதிக விலை. உயர் ரத்த அழுத்தமும் உயர் நீதிமன்றமும் ஊன்றிவிட்டன, இருக்கட்டும். 'ஹை ட்ரீசன்' மட்டும் 'உயர் துரோகம்' ஆகவே ஆகாது. இங்கிலாந்தின் 1351ஆம் ஆண்டுச் சட்டம் அரசருக்கு எதிரானதை ஒரு வகையாகவும், வேலையாள் எசமானைக் கொல்வது, மனைவி கணவனைக் கொல்வது போன்றவற்றைச் சிறு துரோகம் என்னும் மற்றொரு வகையாகவும் வைத்தது. சிறு துரோகம் 1828இல் தனிக் குற்றமாக இல்லாமல் போனது. அதற்கு எதிரான 'ஹை' என்ற அடைமொழி மட்டும் மிஞ்சியது. 'அரசத் துரோகம்' என்பதே பொருத்தம்.

'ஹைவே'யைத் தமிழ் நெடுஞ்சாலை என்றது அழகு. 'நெடு' நீளத்துக்கும் வரும், உயரத்துக்கும் வரும்; நெட்டை அதே வேரில் கிளைத்தது. கடலிலும் அந்த அடை உண்டு. குறள் 17 'நெடுங்கடலும்' என்றே தொடங்குகிறது. ஆனால் 'ஹை சீஸ்' (high seas) என்ற சட்டச்சொல்லுக்கு அது போதாது. லத்தீனின் 'ஆல்டஸ்' உயரத்தையும் ஆழத்தையும் ஒருசேரக் குறிக்கும் என்பதை நினைத்து 'ஆழ்கடல்' என்று எழுதத் தோன்றும். 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்ட ஒப்பந்தத்தில் 'ஹை சீஸ்' ஆழத்தைப் பற்றிய சொல்லே அல்ல. நாடுகளின் உள்நாட்டு நீர்ப்பரப்பு, எல்லைக் கடல், கரையோரம் கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் அடிக்கோட்டிலிருந்து 200 கடல் மைல் வரை நீளக்கூடிய பொருளாதார மண்டலம் ஆகியவற்றுக்கு வெளியே உள்ள பரப்பு அது. அதே ஒப்பந்தத்தில் கடலடித்தளத்துக்குத் தனி விதிகள் இருப்பதால், 'ஆழ்கடல்' என்று எழுதினால் இரண்டும் குழம்பும். 'பன்னாட்டுக் கடற்பரப்பு' என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் எல்லையையும் விளக்கிவிட வேண்டும்.