லீவு லெட்டரும் ஐம்பது வரியும்

நமக்குக் கல்லூரியில் இங்கிலீஷ் படிப்பித்த சேர் காலமானார் என்ற செய்தி நம் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. மரண அறிவித்தல் இங்கிலீஷில் இருந்தது. ‘ஹி லீவ்ஸ் பிஹைன்ட்’ என்று தொடங்கி இரண்டு மகள்மார், மருமக்கள், பேரப்பிள்ளைகள். வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது சிரிப்புதான், மன்னித்துக்கொள்ளுங்கள். ‘லீவ்’ என்ற அந்த ஒரு சொல்லை வைத்து என் பதினான்காவது வயதில் என்னை வகுப்புக்கு முன்னால் கொன்றவர், கடைசியில் அதே சொல்லுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

நம் பழைய மாணவர் சங்கத்து மலர்க்குழுவினர் இரண்டு வருஷமாகக் கட்டுரை கேட்டு நச்சரித்தார்கள். நேரமில்லை என்று தட்டிக் கழித்து வந்தேன். இனி எழுதலாம், சிவப்பு மையால் திருத்த ஆள் இல்லை.

அவர் பெயரை எழுதவில்லை. குடையைக் கதவு நிலையில் மாட்டுகிறவர், வெண்கட்டியை முறித்து ஒரு பாதியைப் பைக்குள் போடுகிறவர் என்றாலே உங்களுக்குப் போதும். அவருடைய பாடத்துக்கு வராதவன் மறுநாள் இங்கிலீஷில் லீவு லெட்டரோடுதான் உள்ளே வர வேண்டும், தகப்பனின் ஒப்பத்தோடு. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்களில் பாதிப் பேருடைய தகப்பன்மாருக்குப் பெருவிரல்தான் ஒப்பம். ஆகவே லெட்டரை எழுதுவதும் நாங்களே, அதைத் தமிழில் அப்பாவுக்குச் சொல்லி விரலை மையில் தோய்ப்பதும் நாங்களே. எல்லார் வீட்டிலும் காய்ச்சல்தான். ‘ஆஸ் மை சன் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்’ என்ற வரியில் ஒருவனுக்கும் பிழை வந்ததில்லை.

நான்தான் உண்மையை எழுதித் தொலைத்தேன்.

1976. என் அப்பாயி இந்தியாவுக்குப் போனாள். தோட்டத் தமிழர் யார் எந்த நாட்டுக்கு என்று 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் சித்தப்பா குடும்பம் இந்தியா, எங்கள் குடும்பம் இலங்கை என்று ஆகியிருந்தது. அப்பாயி சித்தப்பாவின் பக்கம். அவள் பிறந்தது பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் கடுதாசியில் ‘தாயகம் திரும்புவோர்’ என்றுதான் இருந்தது.

திங்கட்கிழமை அட்டன் ஸ்டேசனில் ஏற்றினோம். அந்த நாட்களில் அங்கே நின்றவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. சிங்கமலைச் சுரங்கத்திலிருந்து ரயில் கோச்சி வெளியே வருவதற்கு முன்பே அழுகை தொடங்கிவிடும். ஒப்பாரிக் கோச்சி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? ஒரு தோட்டத்திலிருந்து பத்துப் பேர் போனால் நூறு பேர் வந்து நிற்பார்கள், தப்பு மேளமும் வரும். அப்பாயி மட்டும் அழவில்லை. தகரப் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். முக்காடு விலகி, கூடைக் கயிறு பதிந்து பதிந்து முடி தேய்ந்த உச்சி தெரிந்தது. கோச்சி அசைந்ததும் என்னைப் பார்த்து, “காம்பராக் கதவச் சாத்திட்டுத்தானே வந்தீங்க?” என்று கேட்டாள். சாத்தினோம் என்றேன். சாத்தினோமா என்பது எனக்கு ஞாபகமில்லை. கோச்சி வட்டவளைப் பக்கம் இறங்கிப் போனது. தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம் எல்லாம் எனக்கு அப்போது பூகோளப் புத்தகத்தில் உள்ள பெயர்கள்.

செவ்வாய்க்கிழமை லெட்டர் கொடுத்தேன். ‘மை கிராண்ட்மதர் லெஃப்ட் இந்தியா ஆன் மண்டே’ என்று எழுதியிருந்தேன்.

சேர் ஒருதரம் மனதுக்குள் வாசித்தார். மறுதரம் வகுப்புக்கு வாசித்தார். அப்புறம் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அவர் யாழ்ப்பாணத்து ஆள், பேச்சும் அப்படியே.

“திங்கட்கிழமை உம்மட அப்பாயி இந்தியாவை விட்டு வெளிக்கிட்டவ. அப்ப இண்டைக்கு இஞ்ச வந்து சேர்ந்திருப்பா. நல்ல சந்தோஷம் மேன். ஸ்டேசனுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தனீரோ?”

“மாலை போட்டு சேர்!” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல். அந்தக் குரல் இன்று நம் சங்கத்தில் மிக மதிப்பான பொறுப்பில் இருக்கிறது, ஆகவே அதையும் பெயர் சொல்லாமல் விடுகிறேன். வகுப்பே சிரித்தது. மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தும் சிரிப்புச் சத்தம் மேலே கேட்டது.

பிழை ஒரு சொல்தான். லெஃப்ட் இந்தியா என்றால் இந்தியாவை விட்டுப் போனாள். லெஃப்ட் ஃபார் இந்தியா என்றால் இந்தியாவுக்குப் போனாள். நடுவில் ‘ஃபார்’ விழுந்துபோனதில் கோச்சி திரும்பிவிட்டது. தமிழில் இந்த ஆபத்து இல்லை. ‘ஐ’ போட்டு ‘விட்டு’ சேர்த்தால் புறப்பட்ட இடம், ‘உக்கு’ போட்டால் போய்ச் சேரும் இடம், வேற்றுமை உருபே பார்த்துக்கொள்ளும்.

சரியான வசனத்தை ஐம்பது தரம் பலகையில் எழுதச் சொன்னார். பலகையில் பதின்மூன்று வரிதான் கொள்ளும். மூன்று தரம் அழித்து எழுதினேன். ‘ஷி லெஃப்ட் ஃபார் இந்தியா.’ அப்பாயி ஐம்பது தரம் போனாள். முப்பதுக்குப் பிறகு எழுத்து கோணிக்கொண்டு மேலே ஏறியது. வகுப்பில் யாரும் இப்போது சிரிக்கவில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது.

மணி அடித்த பிறகு என்னை நிற்கச் சொன்னார். “உந்தக் கோச்சியிலையோ போனவ?” என்று கேட்டார். ஓம் சேர் என்றேன். ஸ்டேசன் ரோட்டில் அறை எடுத்திருந்த மனிதர், அந்தச் சத்தம் கேட்காமல் இருந்திருக்காது. வேறொன்றும் பேசவில்லை. லெட்டரின் மூலையில் சிவப்பு மையால் ‘லீவ் கிராண்டட்’ என்று எழுதி ஒப்பமிட்டுத் தந்தார். அதை ஒரு மன்னிப்பாக நினைத்துக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆசை. ஆனால் எல்லாருடைய லெட்டரிலும் அவர் அதைத்தான் எழுதுவார்.

அப்புறம் ஒரு மாதம் லீவ் என்ற சொல்லை விட்டு அவர் நகரவில்லை. என்னால்தான் என்று வகுப்பு என்னைத் திட்டியது. லீவ் த டோர் ஓப்பன் என்றால் யாரும் எங்கேயும் போவதில்லை, கதவைத் திறந்தபடி இருக்க விட வேண்டும். லீவ் இட் என்றால் தொடாதே. டூ ஃப்ரம் ஃபைவ் லீவ்ஸ் த்ரீ என்றால் மீதி மூன்று. அந்தக் கடைசி உதாரணம் என் தலையில் வேறு மாதிரித் தங்கிவிட்டது. பின்னாளில் ஒப்பந்தத்தின் கணக்கைப் படித்தபோது 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம் என்று இருந்தது. கழித்துப் பார்த்தேன், லீவ்ஸ் ஒன்றரை இலட்சம். அந்த மீதியை யாருக்கு எவ்வளவு என்று பத்து வருஷம் கழித்து, 1974-இல், பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

லண்டனுக்கு வந்த பிறகுதான் அகராதியைப் புரட்டினேன். லீவ் உண்மையில் இரண்டு சொற்கள். ஒன்றின் ஆதிப்பொருள் விட்டுவைப்பது, மீதமாக இருக்க விடுவது. போவது என்ற பொருள் பின்னால்தான் வந்து ஒட்டியிருக்கிறது. மற்றது அனுமதி. நாம் எடுக்கும் லீவு இந்த இரண்டாவது, வராமல் இருக்க அனுமதி. டேக் லீவ் என்பதும் முதலில் போக அனுமதி கேட்பதுதான். நமக்கு இது புதிதல்ல. விடை பெறுகிறேன் என்கிறோமே, அந்த விடையும் அனுமதிதான். நமது விடுமுறை, விடுதி, விடுதலை எல்லாம் விடு என்ற ஒரே வேரில் நிற்கின்றன. நம் கல்லூரி கடைசியாகக் கையில் கொடுத்த கடுதாசிக்கும் விடுகைப் பத்திரம் என்றுதான் பெயர். இதையெல்லாம் சேரிடம் சொல்லியிருக்க வேண்டும். மேன், உமக்கு இப்பதான் விளங்கினதோ என்று கேட்டிருப்பார்.

தோட்டத்தில் லீவு என்ற சொல்லுக்கு அவ்வளவு வேலையில்லை. பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய சம்பளம் இல்லை. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அரை நாள் சம்பளம். அப்பாயிக்குத் தெரிந்த இலக்கணம் அவ்வளவுதான்.

1986-இல் இந்த நாட்டுக்கு வந்தேன். சேர் அடித்துத் திணித்த இங்கிலீஷ் இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டேன், அதை மறுக்க முடியாது. இங்கே அந்தச் சொல் எனக்காகக் காத்திருந்தது. தங்கியிருக்கும் அனுமதிக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘லீவ் டு ரிமெய்ன்’. முதலில் கேட்டபோது, இருப்பதற்குப் போவதா என்று குழம்பினேன். அதற்கு விண்ணப்பித்து, பாஸ்போர்ட்டும் அதோடு போயிருந்த மாதங்களில்தான் நீலகிரியிலிருந்து சித்தப்பாவின் கடிதம் வந்தது. கூடலூர்ப் பக்கம், திரும்பியவர்களுக்கென்று அரசு போட்ட தேயிலைத் தோட்டத்தில் அவருக்கு வேலை. அப்பாயி அங்கேயும் ஒரு லயத்தில், அங்கேயும் கொழுந்தைப் பார்த்துக்கொண்டே இருந்து முடிந்துவிட்டாள். கடிதம் வந்து சேரும்போது பதினாறும் முடிந்திருந்தது. பாஸ்போர்ட் கையில் இருந்திருந்தால் மட்டும் போயிருப்பேனா என்று கேட்காதீர்கள். அதற்கு முந்தின இரண்டு வருஷமும் அது கையில்தான் இருந்தது.

2016-இல் இவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு லீவா ரிமெய்னா என்று நாட்டையே கேட்டு, வாக்களித்தவர்களில் 51.9 சதவீதம் பேர் லீவ் என்றார்கள். நான் எதற்குப் போட்டேன் என்று இங்கே எழுதினால் சங்கம் உடையும்.

சேருடைய இறுதிக் கிரியை ஒரு வியாழக்கிழமை, இங்கத்து நேரம் பிற்பகல் இரண்டு மணிக்கு. நேரலையில் காட்டுவதாகக் குழுவில் போட்டிருந்தார்கள். வேலையிடத்தில் துக்க லீவு கேட்டேன். இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று மேலாளர் கேட்டாள், நல்ல பெண், என் மகள் வயது. டீச்சர் என்றேன். எத்தனை வருஷத்துக்கு முன் என்றாள். சொன்னேன். அந்த லீவு நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும்தானாம், வேண்டுமானால் வருடாந்த லீவில் கழித்துக்கொள்ளலாம் என்றாள்.

விண்ணப்பத்தில் காரணம் என்ற கட்டத்தில் ஒரு வரிதான் எழுதினேன். ஃபார், ஃப்ரம், டு எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு அனுப்பினேன். அரை நாள்தான் கேட்டிருந்தேன். அப்பாயியாக இருந்தால் அரைப்பேர் என்றிருப்பாள்.