உப்பு மழையில் நனையும் தேர்: உதகை மாரியம்மன் சித்திரைத் திருவிழா

மாசி முடிந்து பங்குனி பிறக்கும்போது நீலகிரியில் அம்மன் கோயில்களின் காலம் தொடங்கிவிடுகிறது. மசினகுடிக்கு அருகே காட்டை ஒட்டி அமர்ந்திருக்கும் பொக்காபுரம் மாரியம்மனுக்குக் கூட்டம் கூட்டமாகப் பக்தர்கள் சென்று வந்த சுவடு மறைவதற்குள், மலையின் மேல் ஒவ்வோர் ஊராகத் திருவிழாச் சாட்டப்படும். குன்னூரில் தந்தி மாரியம்மன் முத்துப்பல்லக்கில் எழுந்தருளுவாள். கோத்தகிரியில் கடைவீதி மாரியம்மன் கோயில் களைகட்டும். இவற்றுள் மலை மாவட்டத்தார் அனைவரும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வது உதகை மாரியம்மனின் தேர்த்திருவிழாவைத்தான். சித்திரை வெயிலுக்கு அஞ்சிச் சமவெளியிலிருந்து மலையேறுபவர்களில் பெரும்பாலோர் தாவரவியல் பூங்காவையும் படகு இல்லத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே நாட்களில் நகரின் நடுவே நடந்துகொண்டிருக்கும் இந்த விழாவை அவர்கள் தவறவிடுவது எனக்கு எப்போதும் வருத்தமாகவே இருக்கிறது.

அத்தைக்கு நெடுநாளாக முழங்கால் வலி. உதகைத் தேரில் உப்பு வீசி வேண்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர் உள்ளத்தில் இருந்த நேர்த்தி. மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு இடம் கிடைக்காததால் பேருந்தில் ஏறினோம். பர்லியாறு தாண்டியதும் காற்று மாறியது. குன்னூரைக் கடந்து மேலே செல்லச் செல்லச் சாலையோரத்து ஜக்கராண்டா மரங்கள் இலையே தெரியாமல் ஊதாப் பூக்களாக நின்றன. உதகையில் இறங்கியவுடன் நேராகக் கோயிலுக்கே சென்றோம்.

கோயில் குன்றின் உச்சியிலோ ஏரிக்கரையிலோ இல்லை. மார்க்கெட்டை ஒட்டிக் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது. காய்கறி மூட்டை இறக்குபவரின் குரலும் கோயில் மணியும் ஒன்றாகவே காதில் விழுகின்றன. கருவறையில் மாரியம்மனும் காளியம்மனும் ஒரே பீடத்தில் அருகருகே வீற்றிருக்கிறார்கள். அருள்பொழியும் முகமும் உக்கிரத்தின் முகமும் ஒரே தீபாராதனையில் ஒருசேரத் தெரிவதைப் பார்த்தபோது, அத்தை கைகூப்பியதை மறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

இவர்கள் இங்கே வந்த கதையைக் கோயிலில் பெரியவர்கள் சொல்வதுண்டு. செவ்வாய்க்கிழமை தோறும் இவ்விடத்தில் சந்தை கூடிய காலத்தில், வடக்கேயிருந்து இரண்டு பெண்கள் வந்து தங்குவதற்கு இடம் கேட்டார்களாம். வியாபாரிகள் அருகிலிருந்த மரத்தடியைக் காட்டினார்கள். அங்கே சென்ற இருவரும் ஓர் ஒளி தோன்ற மறைந்துபோனார்கள். வந்தவர்கள் அம்மனே என்று உணர்ந்த மக்கள் அந்த இடத்திலேயே வழிபடத் தொடங்கினார்கள். செவ்வாய்க்கிழமை இக்கோயிலுக்குச் சிறப்பான நாளாக இருப்பதும், தேரோட்டம் சித்திரைச் செவ்வாயில் நடப்பதும் அந்தச் சந்தை நாளின் தொடர்ச்சியே என்கிறார்கள்.

ஊரின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கதை இன்னும் ஆழமாகப் படுகிறது. தோடர்களும் கோத்தர்களும் பிற பழங்குடியினரும் படுகர்களும் வாழ்ந்துவந்த இந்த மலைக்குக் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் ஏறி வந்தார். 1822-இல் இங்கே கல்வீடு கட்டத் தொடங்கினார். அதன் பின்னர் நகரம் எழும்ப எழும்ப, கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வியாபாரத்துக்கும் கொங்கு நாட்டிலிருந்தும் மைசூர்ப் பக்கத்திலிருந்தும் மலபாரிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் குடும்பங்கள் மலையேறின. தெரிந்தவர் யாருமில்லாத குளிர்ப் பிரதேசத்தில், ‘இங்கே தங்க இடம் கிடைக்குமா’ என்று கேட்டுக்கொண்டு வந்து நின்றவர்கள் அவர்கள். அவர்கள் கும்பிடும் தெய்வமும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு சந்தைக்கு வந்தவள் என்பதில், இந்தக் கோயிலின் மீது உதகை மக்களுக்கு இருக்கும் உரிமை உணர்வின் வேர் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

அந்த உரிமையைக் கண்ணால் காண வேண்டுமானால் உபய நாட்களில் வர வேண்டும். பங்குனியில் பூச்சொரிதலோடு விழா தொடங்கிய பின், ஏறத்தாழ ஒரு மாத காலத்துக்கு ஒவ்வொரு சமூகத்தாரும் தங்களுக்கென்று ஒரு நாளை ஏற்று, அன்றைய அபிஷேகம், அலங்காரம், அன்னதானம், மாலையில் அம்மனின் வீதியுலா ஆகிய அனைத்தையும் தங்கள் செலவில் செய்கிறார்கள். படுகர் உபயத்தன்று அம்மன் அவர்களுடைய குலதெய்வமான ஹெத்தையம்மனின் அலங்காரத்தில் காட்சி தருகிறாள். சிவப்பும் மஞ்சளும் உடுத்தியே பார்த்துப் பழகிய மாரியம்மனை, படுகப் பெண்களின் உடையைப் போலவே வெண்ணிறத்தில் காண்பது தனி அனுபவம். வெள்ளை உடுத்திய பெண்களும் வெள்ளைத் தலைப்பாகை அணிந்த ஆண்களும் அவளுக்கு முன்னே தங்கள் பாட்டுக்கேற்ப வட்டமாக ஆடிச் செல்ல, கடைக்காரர்கள் வியாபாரத்தை நிறுத்திவிட்டு வாசலில் வந்து கும்பிடுகிறார்கள். மலையாளிகளின் உபயத்தில் செண்டை மேளம் கடைவீதியை அதிர வைக்கிறது. தாலப்பொலித் தட்டில் விளக்கேந்தி வரும் பெண்கள், குளிர்காற்றில் சுடர் அணையாதபடி மறுகையால் மறைத்துக்கொண்டு நடக்கிறார்கள். கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் அவரவர் முறையில் அவரவர் நாளை நடத்துகிறார்கள். அம்மன் ஒவ்வொருவர் வீட்டுப் பெண்ணாகவும் ஒருநாள் உடுத்திக்கொள்கிறாள். மற்றவர்கள் எல்லாரும் அன்று விருந்தாளிகள்.

தேர் நாளன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் காலை முதலே பேருந்துகள் நிறைந்து வந்தன. தேர்ச் சக்கரம் உருளத் தொடங்குமுன் கடைவீதியில் கால்வைக்க இடமில்லை. வழியெங்கும் உப்பு விற்றார்கள். தரையில் சாக்கை விரித்துக் கல்லுப்பைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்திருந்த ஒரு பாட்டியிடம் அத்தை வாங்கினார். காசை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே அவர் சொன்னார்: “சும்மா வீசாத கண்ணு. எங்க வலிக்குதோ அங்க தொட்டுட்டு, அம்மா பேரச் சொல்லி வீசு.”

தண்ணீரில் உப்புக் கரைவது போல நோயும் கரைந்துபோக வேண்டும் என்பதே வேண்டுதல். மாரியம்மன் கோயில்களில் உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுவது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம். ஆனால் ஓடும் தேரின் மீது அதை வாரி வீசுவதை இங்கேதான் கண்டேன். தேர் திரும்பிக் கடைவீதிக்குள் நுழைந்ததும் இரு பக்கத்திலிருந்தும் மாடிகளிலிருந்தும் உப்பு பொழியத் தொடங்கியது. தேரின் மரவேலைப்பாடுகளில் பட்டுத் தெறித்து, வடம் இழுப்பவர்களின் தோளிலும் தலையிலும் விழுந்து, மாலைகளின் மடிப்பில் வெள்ளையாகத் தங்கியது. இழுப்பவர்கள் கண்ணை மட்டும் சுருக்கிக்கொண்டு “ஓம் சக்தி, பராசக்தி” என்று குரல் எழுப்பினார்களே தவிர, ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காலடியில் உப்பு நெறிபடும் ஓசை மேளத்தின் இடைவெளியில் தெளிவாகக் கேட்டது.

அத்தை குனிந்து இரண்டு முழங்கால்களையும் தொட்டுக்கொண்டார். நிமிர்ந்து, முழுப் பொட்டலத்தையும் இரு கைகளாலும் வீசினார். அவருக்குப் பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண், கைக்குழந்தையின் உள்ளங்கையில் நான்கைந்து உப்புக் கற்களை வைத்து, அந்தச் சின்னக் கையைத் தன் கையால் பிடித்து வீசச் செய்தாள். எந்த நோவைக் கரைக்க வேண்டினாளோ, அம்மனுக்குத் தெரியும். நானும் எனக்கென்று ஒரு பிடி வைத்திருந்தேன். அம்மனின் முகம் நேர் எதிரே வந்த நொடியில் என் வேண்டுதல் எதுவும் நினைவுக்கு வரவில்லை. “தாயே” என்று மட்டும் சொல்ல முடிந்தது.

தேர் வீதிகளைச் சுற்றி வரும் வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள் இருந்தன. ஒரு பந்தலில் வெண்பொங்கலும் சாம்பாரும் சூடாகப் பரிமாறினார்கள்; பரிமாறியவர்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டு, எங்களிடம் தமிழில் “இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்கம்மா” என்று வற்புறுத்தினார்கள். மாலையில் தூறல் வந்தது. சித்திரையில் உதகையில் இது வழக்கம் என்பதால் யாரும் கலையவில்லை.

செல்ல விரும்புவோர் கவனத்துக்குச் சில செய்திகள். தேரோட்டச் செவ்வாய் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கோயிலில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. சொந்த வாகனத்தில் வருவோர் 2024 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள இ-பாஸ் பெற வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் மலைக்குக் கொண்டுவரக் கூடாது என்பதால், உப்பையும் காகிதப் பொட்டலமாகவே வாங்குங்கள். கோடை விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் தங்கும் அறையை முன்னதாகவே பேசி வைக்க வேண்டும். முதியவர்களுக்கு ஸ்வெட்டர் அவசியம். தேரன்று நெரிசலில் அம்மனை அருகில் பார்ப்பது கடினம் என்பதால், முடிந்தவர்கள் அதற்கு முந்தைய வாரங்களில் ஏதேனும் ஓர் உபய நாளின் மாலையிலும் வந்து, வீதியுலா புறப்படுவதற்கு முன் கோயிலுக்குள் அன்றைய அலங்காரத்தை நிதானமாகத் தரிசித்துக்கொள்ளலாம்.