திருச்சியிலிருந்து அண்ணா நகர் வரை, தனியாக

எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். முதலில் இருட்டில் பார்வை குறையும், அப்புறம் ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிற நிலை. வேலை திருச்சியில், ஒரு வங்கியில். அண்ணன் வீடு சென்னை அண்ணா நகரில். யாராவது கூட வந்தால்தான் சென்னை என்று இருந்த நான், போன வருடத்திலிருந்து தனியாகப் போய் வருகிறேன். "எந்த ஆப் போட்டிருக்கீங்க?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஆப்புக்கு முன்னால் ஸ்டிக். மடக்குகிற வெள்ளைக் கோலை வாங்கிவிட்டால் போதாது, அதை வைத்து நடக்கப் பழக வேண்டும். இடது கால் முன்னே போகும்போது கோல் வலப்பக்கம் தரையைத் தொட வேண்டும், வலது கால் போகும்போது இடப்பக்கம். கேட்க எளிது, உடம்புக்குப் பழக மாதக்கணக்கில் ஆகும். எங்கள் ஆட்கள் இதை 'மொபிலிட்டி' என்பார்கள். இது கைவராமல் போனை மட்டும் நம்பி ரோட்டில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டெல்லி ஐஐடியில் உருவாகி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் என்ற கருவியும் உண்டு. கோலின் பிடியில் மாட்டினால், 3 மீட்டர் தூரம் வரை எதிரே இருப்பதை ஒலி அலையால் கண்டுபிடித்து அதிர்வாகச் சொல்லும். தாழ்ந்த மரக்கிளை, லாரியின் பின்பக்கம் போல, இடுப்புக்கு மேலே இருப்பதால் சாதாரணக் கோலில் தட்டுப்படாதவற்றுக்கு அது அருமை. கூட்டத்தில் மட்டும் அதிர்வு நிற்கவே நிற்காது, அங்கே அணைத்துவிடுவேன்.

போனில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கைத் தமிழ்க் குரலில் வைத்திருக்கிறேன். ஹெட்போன் எலும்பு வழியாக ஒலி கடத்தும் வகை, கன்ன எலும்பில் உட்காரும். காதை அடைத்துக்கொண்டு நடப்பது எங்களுக்கு ஆகாது. வண்டி வரும் சத்தமும் சுவர் முடிந்து சந்து திறக்கும் இடத்தில் மாறுகிற காற்றொலியும்தான் பாதி வழி.

ரயில் பல்லவன். பார்வையற்றவர்கள் தனியாகப் போனாலும் சேர் கார், ஸ்லீப்பர் வகுப்புகளில் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை உண்டு. சில பெட்டிகளில் இருக்கை எண் பிரெய்லிலும் இருக்கிறது. நடுவயதில் பார்வை போன என்னைப் போன்றவர்களுக்கு பிரெய்ல் அவ்வளவாக ஓடாது, ஆனால் எண்களை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். லிஃப்ட் பட்டன் வரை உதவும்.

உட்கார்ந்ததும் 'வேர் இஸ் மை டிரெய்ன்' செயலியைத் திறந்துவிடுவேன். இணையமோ ஜிபிஎஸ்ஸோ இல்லாமல், வழியில் இருக்கும் செல்போன் கோபுரங்களை வைத்தே ரயில் எங்கே போகிறது என்று சொல்லும். தமிழிலும் இருக்கிறது. இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு அலாரமும் வைக்கலாம். இதில் எனக்குக் கிடைத்தது வழிகாட்டல் இல்லை, கேட்காமலே தெரிந்துகொள்வது. முன்பெல்லாம் ரயில் நிற்கும்போதெல்லாம் "இது எந்த ஸ்டேஷன்?" என்று பக்கத்து சீட்டைக் கேட்பேன். அவர் தூங்கிக்கொண்டிருப்பார், இல்லை அரைகுறையாக ஏதோ சொல்வார். ஒருமுறை எதிர் சீட்டு அம்மா என்னிடமே "விழுப்புரம் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டார். "இன்னும் பத்து நிமிஷம் ஆகும்மா" என்றேன். அவருக்கு அது ஒன்றுமில்லை. நான் தாம்பரம் வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

எழும்பூரில் இறங்கியதும் மெட்ரோ. பிளாட்பாரத்திலிருந்து மெட்ரோ வாசல் வரை போர்ட்டர் அண்ணன் ஒருவர் கூட வந்தார். என் கையைப் பிடித்து இழுக்க வந்தவரிடம், "வேண்டாம் அண்ணா, நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிறேன்" என்றேன். இதைச் சொல்லப் பழகுவதும் ஒரு பயிற்சிதான். உள்ளே போய்விட்டால் மெட்ரோ சுகம். தரையில் காலுக்குத் தட்டுப்படும் ஓடுகள் இருக்கின்றன: நீளக் கோடு என்றால் போகலாம், புள்ளிகள் என்றால் நில், கவனி. ஜப்பானில் செயிச்சி மியாகே 1965இல் கண்டுபிடித்தது, 1967இல் ஒகயாமா நகரத்துத் தெருவில் முதன்முதலாகப் பதித்தார்கள். சுரங்க நிலையங்களில் பிளாட்பாரத்தின் ஓரமாகக் கண்ணாடித் தடுப்பும் கதவும் இருப்பதால் தண்டவாளத்தில் விழும் பயம் இல்லை. பூமிக்கடியில் ஜிபிஎஸ் கிடையாது. நேரு பார்க், கீழ்ப்பாக்கம், பச்சையப்பன் கல்லூரி, ஷெனாய் நகர், அடுத்து அண்ணா நகர் கிழக்கு என்று விரல் விட்டு எண்ணுவேன். அறிவிப்பும் வரும், ஆனாலும் எண்ணுவேன்.

மேலே ஏறி வந்ததும்தான் உண்மையான வேலை. சுரங்கத்திலிருந்து வெளியே வந்த போனுக்கு நிதானம் வரக் கொஞ்ச நேரம் ஆகும். "வடமேற்கே செல்லவும்" என்று சொல்கிற வரைபடத்துக்கு நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்பது அந்த நேரத்தில் தெரியாது. அவசரப்படாமல் வாசலில் ஓரமாக நின்று, போனைத் தட்டையாகப் பிடித்து, பத்து அடி நடந்து பார்த்து, தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்பேன். குறைந்தால் சரியான திசை. நடை வழியைத் தேர்ந்திருக்கிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக்கான சுற்றுவழியில் அனுப்பிவிடும். நடைபாதையில் நிற்கும் பைக்கும், கேபிளுக்குத் தோண்டிய பள்ளமும், மூடி பெயர்ந்த கால்வாயும் எந்த வரைபடத்திலும் இல்லை. அங்கே கோல்தான்.

திறந்த வெளியிலேயே போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டும், உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் தள்ளும். ஐந்து மீட்டர் என்பது பக்கத்து வீட்டு கேட். "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று அது சொன்ன இடத்தில் 'பி மை ஐஸ்' செயலியில் அழைத்தேன். டென்மார்க்கில் பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர் தொடங்கி 2015இல் வெளிவந்தது. வீடியோ அழைப்பில் எங்கிருந்தோ ஒரு தன்னார்வலர் நம் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார், கட்டணம் இல்லை. மொழி தமிழ் என்று வைத்திருந்ததால் தமிழ் பேசுகிறவர் கிடைத்தார். "இன்னும் கொஞ்சம் இடதுபுறம் காட்டுங்க அக்கா... பச்சை கேட், மேலே நம்பர் இருக்கு" என்று படித்துச் சொன்னார்.

போன் பாட்டரி பாதி வழியில் காலியாகிவிடும், பவர் பேங்க் இல்லாமல் கிளம்ப வேண்டாம். அண்ணன் வீட்டிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போதும் வரைபடத்தை ஓடவிடுவேன். "அடுத்த லெஃப்ட் அண்ணா" என்று பின்சீட்டிலிருந்து நான் சொன்னால் டிரைவர் சுற்றிக்கொண்டு போகமாட்டார்.

ஓடிவரும் பஸ்ஸின் எண்ணை மட்டும் எந்தச் செயலியும் எனக்கு இன்னும் நேரத்துக்குப் படித்துச் சொன்னதில்லை. கேமராவை நீட்டி அது யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். அதற்கு இப்போதும் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்கிறேன்.