அறுவைக்கு முன் கீமோ: மருந்தைவிட அலைச்சல்தான் வாட்டியது

மார்பில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான் என்று உறுதியானதும், உடனே அதை எடுத்துவிட வேண்டும் என்பதே எங்கள் வீட்டில் எல்லோருடைய எண்ணமாகவும் இருந்தது. கட்டி பெரிதாக இருந்ததாலும் அக்குளில் நெறி கட்டியிருந்ததாலும் முதலில் கீமோ, பிறகு அறுவை என்று மருத்துவர் சொன்னபோது, "முத்திப் போச்சு, அதான் கத்தி வைக்க மாட்டேங்கிறாங்க" என்று உறவினர் சிலர் என் காதுபடவே பேசினார்கள். அது உண்மையன்று. கீமோவை முன்னால் கொடுத்தாலும் பின்னால் கொடுத்தாலும் உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை என்பதை 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது. முன்னால் கொடுத்தால் கட்டி சுருங்கி, மார்பை முழுவதுமாக எடுக்காமல் தப்பிக்க வாய்ப்புண்டு. மருந்து வேலை செய்கிறதா என்பதையும் கூடவே பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கல் பயாப்சி ரிப்போர்ட்டில் தொடங்கியது. எங்கள் ஊர் லேப் கொடுத்த அறிக்கையில் ஹெர்-2 (புற்றணுக்களை வேகமாக வளரச் செய்யும் ஒரு புரதம்) என்ற இடத்தில் '2+' என்று இருந்தது. அது உண்டு என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாத நிலை; அந்தப் புரதத்துக்கான மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிஷ் என்னும் பரிசோதனையைச் செய்தால்தான் தெளிவாகும். ஹெர்-2 உண்டென்றால் அதையே குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் ஊசியைச் சேர்க்க வேண்டும் என்பதால், என் சிகிச்சை முழுவதும் அந்த ஒரு முடிவுக்காகக் காத்திருந்தது. அந்தப் பரிசோதனைக்காகச் சென்னை மருத்துவமனை, மெழுகில் பதித்து வைத்திருக்கும் என் திசுவை, அதாவது பிளாக்கைக் கேட்டது. லேப்பின் கவுண்டரில் இருந்தவர் ஓர் உறையை நீட்டி, "இதாம்மா பிளாக், கொண்டு போய்க் குடுங்க" என்றார். இரவுப் பேருந்தில் சென்னை வந்து அதைக் கொடுத்தால், உறைக்குள் இருந்தவை கண்ணாடி ஸ்லைடுகள்! ஏற்கெனவே சாயம் ஏற்றிய அவற்றைக் கொண்டு அந்தப் பரிசோதனையைச் செய்ய முடியாதாம். திரும்பிப் போனபோது, மருத்துவரின் கடிதம் இல்லாமல் பிளாக் தர முடியாது என்று அதே மனிதர் சொன்னார். கடிதத்தோடு போனபோது, கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் மாலையில்தான் வருவார் என்றார். இவற்றில் ஒன்றையாவது முதல் நாளே, அல்லது தொலைபேசியிலாவது சொல்லியிருக்கலாம். புற்றுநோய் என்று தெரிந்த ஒரு பெண்ணுக்கு ஒவ்வொரு நாளும் எப்படிக் கழியும் என்பதை அந்த நாற்காலியில் இருப்பவர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிளாக் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. அது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டம். அதன்மேல் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் நூலாகத் திசு, ஓரத்தில் ஓர் எண். அந்த எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதைக் கவுண்டரிலேயே சரிபாருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அதை வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும்.

ஃபிஷ் முடிவு பாசிட்டிவ் என்று வந்தது. இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேன் சரியாக இருந்தது. 'சிவப்பு மருந்து' என்று எல்லோரும் சொல்லும் சிவப்பு நிறக் கீமோ நான்கு சுற்று, பிறகு வாராவாரம் பாக்லிடாக்செல் என்ற இன்னொரு கீமோ மருந்து, அதனுடன் டிராஸ்டுசுமாப் என்று முடிவானது. முடி கொட்டியது, வாய் புண்ணானது, எல்லோருக்கும் தெரிந்தவைதாம்.

யாரும் அழுத்திச் சொல்லாதது கிளிப். கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் ஓர் உலோகக் குறியை வைத்துவிட வேண்டும். அரிசி மணியைவிடச் சிறியது. மருந்தில் கட்டி முழுவதும் கரைந்துபோனால், எந்த இடத்தை வெட்டி எடுப்பது என்பதை அறுவை நிபுணருக்குக் காட்ட அது ஒன்றுதான் இருக்கும். எனக்கு அதை எழுதியிருந்தும், வார்டில் "அத ஆபரேஷனுக்கு முன்னால பாத்துக்கலாம்" என்று சொல்லி முதல் சுற்றை ஏற்றிவிட்டார்கள். இரண்டாம் சுற்றுக்குப் பின் கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை என்று நான் மகிழ்ந்திருந்த வேளையில், ஸ்கேன் செய்த டாக்டரம்மா திரையைப் பார்த்தபடியே, "கிளிப் எங்க?" என்று கேட்டார். நல்லவேளையாகச் சிறு நிழல் ஒன்று மிச்சமிருந்தது. அன்றைக்கே மரத்துப்போகும் ஊசி போட்டு, அந்த நிழலுக்குள் கிளிப்பை வைத்தார். அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். முதல் சுற்றுக்குக் கையை நீட்டும்முன் "கிளிப் வைத்தாயிற்றா?" என்று நீங்களே கேளுங்கள், அதற்காகச் சுற்று இரண்டு நாள் தள்ளிப்போனாலும் கேளுங்கள்.

இன்னொன்று, காய்ச்சல். கீமோவுக்கு இடையில் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசர நிலை. இரவில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அருகிலிருந்த நர்சிங் ஹோமில் பாராசிட்டமால் கொடுத்து, காலையில் வரச் சொன்னார்கள். என் கணவர் பிடிவாதமாக நின்று ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தார். வெள்ளணுக்கள் அபாயமான அளவுக்குக் குறைந்திருந்தன. அதன்பின் உடனே ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். "இவர் கீமோவில் இருப்பவர், காய்ச்சல் என்றால் உடனே ரத்தப் பரிசோதனையும் ஆன்டிபயாட்டிக்கும் தேவை" என்று உங்கள் மருத்துவரிடம் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கிப் பையிலேயே வைத்திருங்கள்.

அறுவையில் மார்பை முழுவதும் எடுக்க நேரவில்லை. எடுத்த திசுவை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, கிளிப் அதற்குள் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே தையல் போட்டார்கள் என்று அறுவை நிபுணர் சொன்னார். மார்பிலும் நெறியிலும் புற்றணு எதுவும் மிச்சமில்லை என்று பயாப்சி அறிக்கை வந்தது. கதிர்வீச்சு முடிந்துவிட்டது. டிராஸ்டுசுமாப் ஓராண்டு நிறையும்வரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்கிறது. அது இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோவும் எடுக்கிறார்கள்.