சாந்திநிகேதன் டிசம்பர்: ஒரு கும்பகோணத்துக்காரனோட நாட்குறிப்பு

நவம்பர் 28

கிராஃபிக்ஸ் ஸ்டூடியோல இப்ப மணி ராத்திரி ஒண்ணரை. யாரும் தூங்கப் போற மாதிரி தெரியல. கயிறு கட்டி கிளிப் போட்டு தொங்கவிட்ட லினோ பிரிண்ட் (லினோலியம் பலகைல செதுக்கி மை தடவி அடிக்கறது) எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு போனாத்தான் அந்தப் பக்கம் போக முடியும், நிமிர்ந்தா மூக்குல கறுப்பு மை. குளிர் ஆரம்பிச்சதுலேர்ந்து மை காயவே மாட்டேங்குது, கும்பகோணத்துல காலைல அடிச்சா மறுநாள் சாயங்காலம் அடுக்கிடலாம், இங்க பனி வேற இறங்குது, மூணு நாள் ஆனாலும் விரல்ல ஒட்டுது.

எதுக்கு இந்தப் பாடுன்னா நந்தன் மேளா. சாந்திநிகேதன்ல தாகூர் ஆரம்பிச்ச விஸ்வபாரதி யுனிவர்சிட்டில கலாபவன்னு எங்க ஓவியக் கல்லூரி இருக்குல்ல (1919ல ஆரம்பிச்சது), அங்க வருஷா வருஷம் டிசம்பர் 1, 2 ரெண்டு நாள் நாங்களே செஞ்சு நாங்களே விக்கிற சந்தை. 1973லேர்ந்து நடக்குது. வர்ற காசு மாணவர் உதவி நிதிக்குப் போகும், யாருக்காவது உடம்புக்கு முடியலன்னா அதுலேர்ந்து எடுப்பாங்க. பெயின்டிங், சிற்பம், கிராஃபிக்ஸ், டிசைன், கலை வரலாறு, எல்லாத் துறையும் உண்டு. எங்க பங்கு காலண்டர்.

காலண்டர் விலைல இன்னைக்கு பெரிய சண்டை. என் ரூம்மேட் மணிப்பூர் பையன், முந்நூறுக்குக் கீழ கொடுத்தா நம்ம வேலைய நாமளே கேவலப்படுத்துற மாதிரிங்கறான். சீனியர் தீதி (இங்க அக்காவை இப்படித்தான் கூப்பிடுவாங்க) ஒருத்தங்க நூத்தம்பதுன்னு முடிச்சிட்டாங்க. "சைக்கிள்ல வர்றவங்களும் வாங்கணும்டா, இது கேலரி இல்ல மேளா"ன்னாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரிதான் பட்டுச்சு, ஆனா பன்னெண்டு பிளாக் செதுக்கின தோள்பட்டை முந்நூறு பக்கம் சாயுது.

டிசம்பர் 1

எழுத நேரமில்ல. செராமிக் கப் எல்லாம் முதல் ஒரு மணி நேரத்துலயே காலி. கொல்கத்தாலேர்ந்து விவரமானவங்க நேரா வாத்தியாருங்க செஞ்ச சின்ன சின்ன வேலைங்க எங்க இருக்குன்னு தேடிப் போறாங்க, வெளில லட்சத்துல போற கைங்க இங்க சந்தை விலைக்குக் கிடைக்கும்னு அவங்களுக்குத் தெரியும். எங்க காலண்டர் பாதிக்கு மேல போயிடுச்சு. கால் வலி.

டிசம்பர் 3

இன்னைக்கு கலாபவன்ல வாத்தியாரா இருந்த ஓவியர் நந்தலால் போஸ் பிறந்தநாள், 1882. இங்க யாரும் நந்தலால்னு பேர் சொல்ல மாட்டாங்க, மாஸ்டர்மொஷாய்தான், வாத்தியாரய்யான்னு அர்த்தம். அவர் செத்து (1966) இவ்ளோ வருஷம் ஆகியும் ஏதோ பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கற மாதிரிதான் பேசுவாங்க, முதல்ல எனக்கு இது கொஞ்சம் ஓவரா தெரிஞ்சுது.

அப்புறம் லைப்ரரில ஹரிபுரா போஸ்டர்களோட நல்ல பிரிண்ட் ஒரு தொகுப்பு பாத்தேன். 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு காந்தி கூப்பிட்டு அவர் போட்டுக் கொடுத்தது. மேளக்காரன், தச்சன், தயிர் கடையறவ, மாட்டை ஓட்டறவன், இப்படி ஊர்ல பாக்கற ஆளுங்கதான், மலிவான பேப்பர்ல வேகமா இழுத்த கோடு. மாநாட்டுக்கு வர்ற விவசாயி நடந்து போறப்ப பாக்கணும்னு பந்தல்லயும் வாசல்லயும் மாட்டினாங்க. அரசியல் சாசனத்தோட கையெழுத்துப் பிரதிக்கு ஓரச்சித்திரம் போட்டதும் இவரும் இவர் மாணவர்களும்தான். ஆனா எனக்கு சாசனத்தை விட இந்த மேளக்காரன்தான் பிடிச்சிருக்கு. நூத்தம்பது ரூபா தீதி சொன்னது இவரு வழிலேர்ந்துதான் வந்திருக்குன்னு தோணுச்சு, ஒத்துக்கலாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

டிசம்பர் 4, புதன்

இங்க புதன்கிழமைதான் வார லீவு, ஞாயித்துக்கிழமை கிளாஸ். வீட்ல சொன்னா இன்னும் நம்ப மாட்டேங்கறாங்க. காலைல உபாசனா கிருஹம், அதாவது பிரார்த்தனைக் கூடம், 1891ல கட்டின கண்ணாடி மந்திர். உள்ள சிலை கிடையாது, கலர் கண்ணாடி வழியா வெளிச்சம் விழும், வெள்ளை டிரஸ்ல உக்காந்து பாடுவாங்க, படிப்பாங்க, எழுந்து போவாங்க.

மதியம் ஊர்லேர்ந்து வந்த ஃபிரெண்டுக்கு கேம்பஸ் சுத்திக் காமிச்சேன். சிற்பி ராம்கிங்கர் பெய்ஜோட சந்தால் குடும்பம் (சந்தால்ங்கறது இந்தப் பக்கத்துப் பழங்குடி) சிலை முன்னாடி அவன் ரொம்ப நேரம் நின்னான். 1938. காவடி மாதிரி கம்புல கூடை, அதுல குழந்தை, கூட பொண்டாட்டி, நாய். வெண்கலம் கிடையாது, சிமென்ட்டும் இந்த ஊரு செம்மண் கப்பிக்கல்லும் கலந்து கையால வாரி அடிச்சது. வெண்கலத்துக்குக் காசு இல்ல, அதனால கைல கிடைச்சதுல செஞ்சார், இந்தியாவோட நவீன சிற்பத்துல முதல் பெரிய வேலைன்னு இன்னைக்கு அதைத்தான் சொல்றாங்க. இப்ப மேல ஒரு கூரை போட்டிருக்காங்க. பாதுகாப்புக்கு வேணும்தான், பாக்கறதுக்கு நல்லா இல்ல. பக்கத்துல மில் சங்கு கேட்டு ஓடற ரெண்டு பொம்பளைங்க, 1956, துணி காத்துல பறக்குது, சிமென்ட் காத்துல பறக்குமான்னு கேட்டா வந்து பாருங்க.

மரத்துக்கு நடுவுல மரம் மாதிரியே ஒல்லியா நீட்டமா நிக்கற சுஜாதா (1935). அதுக்கு மாடலா இருந்தது மெட்ராஸ்லேர்ந்து வந்து படிச்ச ஜெயா அப்பாசாமின்னு இங்க சொல்வாங்க. அவங்க பின்னாடி ஓவியரா, கலை விமர்சகரா பேர் எடுத்தவங்க. ராம்கிங்கர் முதல்ல சும்மா ஒரு பொண்ணாத்தான் செஞ்சாராம், மாஸ்டர்மொஷாய்தான் தலைல பாயசக் கிண்ணத்தை வை, புத்தருக்குக் கொண்டு போற சுஜாதா ஆயிடும்னு சொன்னாராம்.

கடைசியா டிசைன் பில்டிங். வெளிச்சுவர் முழுக்க கறுப்பு வெள்ளைல கே.ஜி. சுப்ரமணியன் போட்டது. கேரளால பொறந்த தமிழர், மெட்ராஸ் பிரசிடென்சில எகனாமிக்ஸ் படிச்சுட்டு 1942 போராட்டத்துல ஜெயிலுக்குப் போய், 1944ல இங்க வந்து சேர்ந்தவர். இங்க அவரை மணிதான்னு கூப்பிடுவாங்க. எண்பத்தஞ்சு வயசு வாக்குல சாரம் ஏறி இந்தச் சுவரைத் திரும்ப வரைஞ்சிருக்கார். ஃபிரெண்டு அது கீழ நின்னு டீ குடிச்சுட்டு, "டேய், இதுக்கு டிக்கெட் இல்லையா"ன்னான். இல்லடா.

டிசம்பர் 9

ஹிந்தி பவன்ல பினோத் பிஹாரி முகர்ஜியோட சுவரோவியம், இன்னைக்கு கிளாஸே அங்கதான். கபீர், சூர்தாஸ், துளசிதாஸ்னு இடைக்கால பக்தர்கள் வாழ்க்கை, மூணு சுவர்ல ஆறு மாதிரி ஓடுது. 1946-47ல ஈரச் சுண்ணாம்புல போட்டது. ஃப்ரெஸ்கோ பண்றவங்களுக்குத் தெரியும், சாந்து ஈரமா இருக்கறதுக்குள்ள அன்னைக்குப் பங்கை முடிக்கணும், காஞ்சா கலர் பிடிக்காது, அழிச்சு திருத்த வழி இல்ல. அதையும் சுவர்ல முன்கூட்டியே படம் எடுத்து ஒத்தாம நேரா வரைஞ்சிருக்கார். அவருக்கு பொறந்ததுலேர்ந்தே ஒரு கண்ணு தெரியாது, இன்னொண்ணு ரொம்ப மங்கல், கிட்ட போனாத்தான் எதுவும் தெரியும். அதாவது முழுச் சுவரையும் தள்ளி நின்னு ஒரே பார்வைல பாத்திருக்கவே முடியாது. 1957 வாக்குல ஆபரேஷனுக்கு அப்புறம் மிச்சமும் போயிடுச்சு, அதுக்கப்புறமும் பேப்பர் வெட்டி ஒட்டி, களிமண்ணு பிடிச்சு வேலை செஞ்சுக்கிட்டே இருந்தார்.

நான் கபீர் தறி கிட்ட உக்காந்து ஸ்கெட்ச் பண்ணேன். நாலு பேஜ், ஒண்ணும் தேறல, பரவால்ல.

டிசம்பர் 13

பாட்டு, ஆட்டம் சொல்லித்தர்ற சங்கீத பவன்ல ரிகர்சல் பாக்கப் போனேன். சண்டாலிகா, தாகூர் 1938ல நாட்டிய நாடகமா ஆக்கினது. தீண்டத்தகாதவள்னு ஒதுக்கின பொண்ணுகிட்ட ஒரு புத்த பிட்சு தண்ணி கேக்கறான், அவ்ளோதான் தொடக்கம். லைட் இல்ல, டிரஸ் இல்ல, வில்லு போட்டு வாசிக்கற எஸ்ராஜ் ஒண்ணு, கோல்னு மண் மத்தளம் ஒண்ணு, பாடறவங்க நாலு பேரு ஜமக்காளத்துல. அந்த "தண்ணி குடு" இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப, கை நீட்டற வேகம் சரியில்லன்னு நிறுத்தி நிறுத்தி எடுத்தாங்க. உடம்பு அசையறது பாதி மணிப்புரி, நடு நடுல கதகளி காலு. தாகூர் 1919ல சில்ஹெட் பக்கம் மணிப்புரி ஆட்டம் பாத்துட்டு வாத்தியாரைக் கூட்டிட்டு வந்தாரு, அப்புறம் கேரளாலேர்ந்து கதகளி ஆசான், சாந்திதேவ் கோஷ் சிலோன் போய் கண்டிய நடனம் கத்துட்டு வந்தார். வாரத்துக்கு ஒரு சாஸ்திரம் சுத்தம் பேசற நம்ம சபாக்காரங்க இதைப் பாத்தா என்ன சொல்வாங்கன்னு நினைச்சேன். ரூம்மேட் கைமுத்திரைல குத்தம் கண்டுபிடிச்சுக்கிட்டே இருந்தான், அவங்க ஊரு ஆட்டமாச்சே.

டீ பிரேக்ல பாடற தீதி ஒருத்தங்க நான் தமிழ்னு தெரிஞ்சதும் ஒரு பாட்டு எடுத்தாங்க, பசந்தி ஹே புவனமோஹினி. ரெண்டாவது வரில எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, அது தீட்சிதரோட மீனாக்ஷி மே முதம், பூர்விகல்யாணி. சாவித்திரி கிருஷ்ணன்னு தெற்கேர்ந்து வந்த மாணவி பாடக் கேட்டு தாகூர் அந்த மெட்டுக்கு வங்காளி வார்த்தை போட்டார். திருவாரூர்க்காரர் கிருதி, எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேரம்தான், நான் அதை இங்க வங்காளத்துல பீர்பூம் ஜில்லால வசந்தகாலப் பாட்டா கேக்கறேன்.

டிசம்பர் 16

மார்கழி ஒண்ணு. அம்மா அஞ்சு மணிக்கே போன், "எழுந்துட்டியாடா, இங்க கோலம் போட்டாச்சு"ன்னு. "எழுந்துட்டேம்மா"ன்னு போர்வைக்குள்ளேர்ந்து சொன்னேன்.

அடுத்த வாரம் வர்ற பவுஷ உற்சவத்துக்கு (பவுஷ்ங்கறது வங்காளி மாசம்) ஆல்பனா, அதாவது இவங்க கோலம், பிராக்டிஸ் இன்னைலேர்ந்து. அம்மா போடற மாக்கோலம் மாதிரியே அரிசி மாவு கரைச்சு துணில நனைச்சு விரல் வழியா விடறதுதான், ஆனா புள்ளி கிடையாது. கொடி, இலை, தாமரை, அலைன்னு ஒரு மூலைலேர்ந்து வளர்ந்துக்கிட்டே போகும். விரத நாள்ல வீட்டுக்குள்ள பொம்பளைங்க போட்டுக்கிட்டிருந்ததை சுகுமாரி தேவி இங்க கத்துக் கொடுத்தாங்க, அப்புறம் நந்தலாலோட பொண்ணு கௌரி பஞ்ஜா அதைப் பெருசா வளர்த்தாங்க, இப்ப பையன் பொண்ணு எல்லாரும் போடறோம். எனக்கு கை புள்ளிக்கே போகுது. தீதி பாத்துட்டு "உன் கட்டம் எங்கயும் போகல, அதை விட்டு வெளில வா"ன்னாங்க.

டிசம்பர் 23

இன்னைக்கு பவுஷ மாசம் ஏழு. 1843ல இந்தத் தேதிலதான் தாகூரோட அப்பா தேவேந்திரநாத், சிலை வழிபாடு இல்லாத பிரம்ம தர்மத்துல தீட்சை எடுத்தார், அதான் உற்சவத்துக்கே காரணம். விடியறதுக்கு முன்னாடியே ஷெனாய். வைதாலிக்னு கூட்டமா பாடிக்கிட்டே ஆசிரமத்தைச் சுத்தி நடக்கறது, பனில முன்னாடி போறவங்க முதுகு தெரியல, குரல் மட்டும் வருது. அப்புறம் சாதிம்தலா, ஏழிலைப்பாலை மரத்தடில உபாசனை. ராத்திரி முழுக்க போட்ட ஆல்பனா மேல பத்து மணிக்கெல்லாம் செருப்புக் கால். எனக்கு வயித்தெரிச்சல், போட்டவங்க யாருக்கும் அப்படி இல்ல, அவங்க டீ குடிக்கப் போயிட்டாங்க.

டிசம்பர் 24

பவுஷ மேளா. 1894லேர்ந்து நடக்கறது, நடுவுல சில வருஷம் நின்னு போய் பெரிய பஞ்சாயத்தெல்லாம் ஆச்சு. உண்மையைச் சொல்றேன், பாதி மைதானம் ஜாக்கெட், நான்ஸ்டிக் தவா, ராட்டினம். ஊர் ஊரா பாடிட்டுப் போற பாவுல் பாடகருங்க மேடைல ஏகதாராவை (ஒத்தைத் தந்தி வாத்தியம்) விட எக்கோதான் ஜாஸ்தி, மைக்ல அந்தப் பாட்டை என்னால கேக்க முடியல. சாயங்காலம் மேடைக்குப் பின்னாடி வைக்கோல்ல உக்காந்து பீடி பிடிச்சிக்கிட்டு ஒரு கிழவர் கமக்னு தந்தி வாத்தியத்தை இழுத்து தனக்குத்தானே பாடினார், அதுக்கு மட்டும் மேளா முழுக்க தகும். நொலேன் குட் (புது ஈச்ச வெல்லம்) போட்ட சந்தேஷ்னு பால் ஸ்வீட் வேற, பனங்கருப்பட்டிக்காரன் நான், ஈச்ச வெல்லத்துக்கு சரணடைஞ்சுட்டேன்.

ஆனா ரொம்ப நேரம் நின்னது டோக்ரா கடைல, மெழுகு வச்சு வார்க்கற நாட்டுப்புற உலோக வேலை. பித்தளை ஆந்தை, யானை, மாடு. சுவாமிமலை எங்க வீட்லேர்ந்து சைக்கிள் தூரம், அங்க ஸ்தபதி பட்டறைல மெழுகு வேலை பாத்து வளர்ந்தவன், அதனால உக்காந்துட்டேன். ரெண்டும் மெழுகை உருக்கி வெளியேத்தி உலோகம் ஊத்தறதுதான். ஆனா எங்க ஊர்ல மெழுகு உருவம் கெட்டியா முழுசா இருக்கும், மேல காவேரி வண்டல் பூசுவாங்க, அதனால சிலையும் கனமா முழு உலோகம். இவங்க உள்ள களிமண் கரு வச்சு மேல மெழுகை நூல் நூலா திரிச்சு சுத்தறாங்க, உள்ளுக்குள்ள கூடு. அந்த நூல் கோடுதான் அப்படியே உலோகத்துல தெரியுது. எங்க ஸ்தபதி அதை சாணை பிடிச்சு வழிச்சிடுவார், இவங்க அதையே அழகுன்னு விட்டுடறாங்க. உள்ளங்கை அளவு ஆந்தை இருநூறு ரூபா. ரெண்டு நாள் வேலைம்மா அதுன்னு எனக்குத் தெரியுமே, பேரம் பேச வாய் வரல. பக்கத்துல ஒரு அம்மா நூத்தி இருபதுக்குக் கேட்டுக்கிட்டிருந்தாங்க, கைல எங்க காலண்டர் போட்ட பை.

டிசம்பர் 25

சாயங்காலம் கிறிஸ்தோத்சவம். அதே கண்ணாடி மந்திர்ல சுத்தி மெழுகுவர்த்தி, கரோலும் ரவீந்திர சங்கீதமும். தாகூர் 1910ல ஆரம்பிச்சு வச்சது. கூட்டம் எக்கச்சக்கம், உள்ள போக முடியல, எல்லாரும் போனைத் தூக்கிப் பிடிச்சதுல எனக்கு முன்னாடி இருபது குட்டி மந்திர் தெரிஞ்சுது. பாட்டு நல்லா கேட்டுச்சு.

டிசம்பர் 28

ரூம்மேட்டோட திரும்ப அதே விலைச் சண்டை. மலிவா கொடுத்தா மதிக்க மாட்டாங்க, பாரு ஆந்தைக்கு என்ன கதின்னான். நான் சொன்னேன், ஆந்தை செய்யறவருக்கு அதுதான் சோறு, நமக்கு வீட்லேர்ந்து பணம் வருது, நம்ம காலண்டர் காசு நிதிக்குப் போகுது, ரெண்டையும் ஒரே தராசுல வைக்காத. மேளால நாம நூத்தம்பதுக்குக் கொடுக்கலாம், ஆனா அந்தப் பழக்கத்தை டோக்ரா கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்ககிட்டதான் சண்டை போடணும். அவன் ஒத்துக்கல. அடுத்த வருஷம் பின் அட்டைல ஒவ்வொரு பிளாக்குக்கும் எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு போட்டுடலாம்னான். அது நல்ல யோசனை, தீதிகிட்ட கேக்கணும்.

மிச்சம் இருந்த காலண்டர்ல ஒண்ணு அம்மாவுக்கு பார்சல் பண்ணிட்டேன். பிப்ரவரில பக்கத்துல ஸ்ரீநிகேதன்ல மாக மேளா, அதுக்கு லித்தோ (கல்லுல வரைஞ்சு அச்சடிக்கறது) பண்ணலாமான்னு பேச்சு, கல்லு தேய்க்க ஆள் தேடிக்கிட்டிருக்கோம்.